கெளுத்தி மீசை, மணலி வாடை: வடசென்னை வாசகர் கேள்வி பதில்

காசிமேடு: கலங்கல் தண்ணீரில் கெளுத்தி எப்படி இரை தேடுகிறது?

மீசையால் சுவை பார்த்து. கெளுத்திக்கு மீசையிலும் தோலிலும் சுவை மொட்டுகள் உண்டு, உடம்பே நாக்கு. செத்த இறாலிலிருந்து கரைந்து வரும் அமினோ அமிலம் பட்டதும் அந்தப் பக்கம் திரும்பும். முகர்வதற்கு மூக்குத் துவாரமும் தனியாக இருக்கிறது. அதை மாசு எளிதில் கெடுத்துவிடும். தண்ணீரில் மிகக் குறைவாகத் தாமிரம் கரைந்திருந்தாலே சால்மன் மீனின் முகர்வு நரம்புகள் மந்தமாகிவிடுகின்றன. மீன் சாகாது, ஆனால் ஆபத்தின் வாடை தெரியாமல் இரையாகிப் போகும். செத்து மிதக்கும் மீனை மட்டும் எண்ணி ஆற்றின் பாதிப்பைக் கணக்கிடக் கூடாது.

திருவொற்றியூர்: கொசு என்னை மட்டும் ஏன் கடிக்கிறது?

மூச்சில் வரும் கரியமில வாயுவும், வியர்வையின் லாக்டிக் அமிலமும், தோலில் வாழும் பாக்டீரியாக்கள் உண்டாக்கும் வாடையும்தான் காரணம். ஆளுக்கு ஆள் இவை மாறும்.

மணலி: விருந்தாளிகள் ஆலைகளின் கேஸ் வாடை என்கிறார்கள். எங்களுக்குத் தெரியவில்லையே, காற்று சுத்தமாகிவிட்டதா?

இல்லை. ஒரே வாடை தொடர்ந்து வந்தால் மூக்கும் மூளையும் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். மூக்கை மட்டும் நம்பாதீர்கள்.

மணலி, இன்னொருவர்: முப்பது வருஷமா இங்கதான் இருக்கேன். உடம்பு பழகிடுச்சு சார்.

பழகியது மூக்கு மட்டும்தான் ஐயா. நுரையீரல் அதே காற்றைத்தான் இழுக்கிறது. கழிவுநீர்த் தொட்டியில் உண்டாகும் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவைப் பாருங்கள்: கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை வாடை. பத்து லட்சத்தில் 100 பங்கை நெருங்கினால் முகரும் திறனே மரத்துவிடும். வாடை நின்றது என்று நம்பிக் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்குபவர் அதோடு சரி. யாரையும் இறங்க விடாதீர்கள்.

எண்ணூர்: 2023 டிசம்பரில் அமோனியா கசிந்தபோது கண் ஏன் எரிந்தது?

அமோனியா கண்ணீரில் கரைந்து, அமிலத்துக்கு எதிரான காரமாகிறது. முகத்தின் வலி நரம்பு அதை உணர்ந்து எரிச்சலாகக் காட்டுகிறது. முகரும் திறன் போனவர்களுக்கும் எரியும்.

தண்டையார்பேட்டை: சிலிண்டர் வாடை தானாக நின்றுவிட்டால் பயமில்லைதானே?

மணலிக்குச் சொன்னதைப் படியுங்கள். சமையல் எரிவாயுவுக்குச் சொந்த வாடை கிடையாது, கசிவு தெரியத்தான் மெர்காப்டன் என்ற வாடைப் பொருளைக் கலக்கிறார்கள். வாடை வந்ததுமே ரெகுலேட்டரை மூடி ஜன்னலைத் திறங்கள், சுவிட்சைத் தொடாதீர்கள்.

கொருக்குப்பேட்டை: பழகினால் ஆபத்து இல்லை என்று பக்கத்து வீட்டில்...

மூன்றாவது முறை. மூக்கை நம்பாதீர்கள்.

ராயபுரம்: கொரோனாவுக்குப் பிறகு வாசனையே தெரியவில்லை.

ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டுங்கள்.