வாசகர் கேள்வி – பதில்: தம்பிக்கு மட்டும் ஏன் குமட்டவில்லை?

கேள்வி: கொல்லிமலைக்குப் பேருந்தில் போகும்போதெல்லாம் இருபதாவது வளைவு வருவதற்குள் எனக்கு வாந்தி வந்துவிடுகிறது. சிறுவயதில் மூளைக்காய்ச்சலால் காது கேளாமற்போன என் தம்பியோ எழுபது வளைவுகளையும் ஜன்னலோரம் வேடிக்கை பார்த்தபடியே கடந்துவிடுகிறான். காது கேளாதவர்களுக்குப் பயணக் குமட்டலே வராதா? இதை யாராவது ஆராய்ந்திருக்கிறார்களா?
– ஒரு வாசகி, நாமக்கல்

பதில்: உங்கள் தம்பியைப் போன்ற பதினொரு பேரின் துணையோடுதான் அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ஆஷ்டன் கிரேபியல் (1902–1995) இதற்கு விடை தேடினார். இதய மருத்துவராகத் தொழிலைத் தொடங்கிய அவர், ஃபுளோரிடாவின் பென்சகோலாவில் விமானிகளைப் பரிசோதிக்க வந்து, உட்செவியின் சமநிலை உறுப்பை ஆராய்வதிலேயே ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தார்.

1950களின் இறுதியில், மனிதனை விண்வெளிக்கு அனுப்பும் முயற்சி தொடங்கியபோது, வாஷிங்டனில் காது கேளாதோருக்கென உள்ள காலடெட் கல்லூரியிலிருந்து பதினொரு ஆண்களை அவருடைய குழு தேர்ந்தெடுத்தது. அவர்களில் பத்துப் பேருக்கு மூளை உறைக் காய்ச்சல் கேட்கும் திறனோடு சமநிலை உறுப்பையும் சேர்த்தே அழித்திருந்தது. இருபதடி அகலமுள்ள, நிமிடத்துக்குப் பத்து முறை சுழலும் அறையில் நால்வர் தொடர்ந்து பன்னிரண்டு நாள்கள் தங்கினார்கள். கனடாவின் நோவா ஸ்கோஷியா கடலோரத்தில் கொந்தளிப்பில் ஆடிய படகிலோ அவர்கள் நிம்மதியாகச் சீட்டாடிக்கொண்டிருக்க, ஆராய வந்தவர்களே குமட்டல் தாங்காமல் சோதனையைக் கைவிட வேண்டியதாயிற்று. சோதனை கெட்டுப்போனாலும், தேடிவந்த விடை அங்கேயே கிடைத்துவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஆகவே, காது கேளாமை என்பதற்காகக் குமட்டல் நின்றுவிடுவதில்லை. சமநிலை உறுப்பும் செயலிழந்திருந்தால்தான் நிற்கிறது. இவ்வுறுப்பில், தலை திரும்புவதை உணரும் மூன்று அரைவட்டக் குழல்களும், சாய்வையும் ஈர்ப்பையும் உணரும் இரண்டு சிறு பைகளும் உள்ளன. குழலுக்குள் இருக்கும் திரவம், சுழலும் அறையில் நீங்கள் தலையைச் சாய்த்த அக்கணமே வேறொரு திசையில் அசைவதால், கண் சொல்வதும் காது சொல்வதும் ஒத்துப்போவதில்லை. வளைவில் பேருந்து திரும்பும்போது கைபேசியைக் குனிந்து பார்த்தால் நேர்வதும் ஏறத்தாழ இதுதான்.

குழல்களை மட்டும் குறை சொல்லவும் முடியாது. 1973–74இல் ஸ்கைலாப் விண்வெளி நிலையத்தில் கிரேபியல் குழுவினர் ஒரு சுழல் நாற்காலியை வைத்தார்கள். தரையில் அதே நாற்காலியில் தலையசைத்துத் திணறிய விண்வெளி வீரர்கள், விண்வெளியில் சில நாள்கள் கழிந்தபின் குமட்டலே இல்லாமல் அசைத்தார்கள். எடையின்மையில் அந்தப் பைகள் தரும் செய்தி மாறிவிடுவதால், ஈர்ப்புக்கும் இதில் பங்குண்டு என்பது தெரிந்தது.

நீங்கள் முன்னிருக்கையில் அமர்ந்து, தலையை இருக்கையில் சாய்த்து அசையாமல் வைத்து, தொலைவில் தெரியும் சாலையைப் பாருங்கள். உங்கள் தம்பி விஷயத்தில் வேறொன்றைக் கவனிக்க வேண்டும்: சமநிலை உறுப்பை இழந்தவர்கள் பெரும்பாலும் கண்ணை நம்பியே நிற்கிறார்கள், நடக்கிறார்கள். இருட்டில் கால் தடுமாறும். நீருக்குள் மூழ்கினால் மேலெது கீழெது என்று தெரியாமற்போகலாம். கொல்லிமலையின் ஆகாய கங்கை அருவியில் குளிக்கும்போது ஆழமான பக்கம் அவரைத் தனியே விடாதீர்கள்.