மாட்டுச் சந்தைக்கு ஒரு லென்ஸ், முசுறுக்கு ஒரு லென்ஸ்

வணக்கம்.

என்னிடம் கேனன் 1500டி கேமராவும் அதோடு வந்த 18-55 லென்ஸும் இருக்கின்றன. வீடு தென்னந்தோப்புக்குள். தோப்பில் பூச்சி, எறும்பு, சிலந்தி எடுக்க ஆசை. எங்கள் ஊர் மாட்டுச் சந்தையில் மனிதர்களை எடுக்க ஆசை. டிசம்பரில் குடும்பத்தோடு ஹம்பி, பாதாமி போகிறோம். மூன்றுக்கும் சேர்த்து ஒரே லென்ஸாக வாங்கிவிடலாம் என்று 40,000 ரூபாய் ஒதுக்கி வைத்திருக்கிறேன். கடையில் மேக்ரோ என்று எழுதியிருக்கும் சிக்மா 18-300ஐ எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். யூடியூபில் எல்லோரும் 50 எம்எம் எஃப் 1.8 என்கிறார்கள். நண்பர் ஒருவர், 100 எம்எம் மேக்ரோ வாங்கிவிடு, அதிலேயே எல்லாம் எடுக்கலாம் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது? அப்புறம், யுவி ஃபில்டர் அவசியமா?

ஆர்., பொள்ளாச்சி

அன்புள்ள ஆர்.,

மூன்றுமே நல்ல லென்ஸ்கள்தான். ஆனால் படம் எடுக்கும்போது எவ்வளவு தள்ளி நிற்பீர்கள் என்று உங்களிடம் யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது. சந்தையில் இரண்டு மீட்டர். தோப்பில் எறும்புக்கும் உங்களுக்கும் நடுவில் ஒரு சாண் கூட இருக்காது. ஹம்பியில் சில சமயம் ஆற்றின் அக்கரையில் இருப்பதை எடுக்க வேண்டியிருக்கும். இந்த மூன்று தூரத்துக்கும் ஒரே லென்ஸ் என்று தேடினால், மூன்றிலும் அரைகுறையான ஒன்றுதான் கிடைக்கும்.

கடைக்குப் போகும் முன் ஒரு வேலை செய்யுங்கள். இதுவரை எடுத்த படங்களைக் கணினியில் திறந்து, ஒவ்வொன்றும் எத்தனை எம்எம்மில், அதாவது லென்ஸின் எந்தக் குவியத்தூரத்தில், எடுத்தது என்று பாருங்கள். எண் பெரிதானால் தூரத்தில் இருப்பது கிட்டே வரும், சிறிதானால் அகலமாக அடங்கும். படத்தின் விவரங்களிலேயே அது பதிவாகியிருக்கும். பெரும்பாலானவை 55இல் முட்டிக்கொண்டு நின்றால் நீங்கள் தூரத்தை இழுக்கத் தவிக்கிறீர்கள். 18இல் நின்றால் கிட்டே போகிற ஆள். யூடியூப்காரர்களுக்குத் தெரியாத விஷயம் இது, உங்கள் கேமராவுக்குத் தெரியும்.

கடைக்காரர் சொன்ன 18-300ஐ முதலில் பார்ப்போம். மேக்ரோ, அதாவது சின்னப் பொருளை மிக நெருங்கிப் பெரிதாக எடுப்பது, என்று அதில் எழுதியிருப்பதை நம்பி வாங்காதீர்கள். அது தரும் அதிகபட்ச உருவளவு 1:3. அதாவது பொருள் சென்சாரில் தன் நிஜ அளவில் மூன்றில் ஒரு பங்காக விழும். உங்கள் 18-55ஐ 55இல் வைத்து 25 செ.மீ. வரை நெருங்கினால் 0.34 மடங்கு கிடைக்கிறது. இரண்டும் ஒன்றுதான்! அந்த 25 செ.மீ. சென்சாரிலிருந்து அளப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன், லென்ஸின் மூக்கிலிருந்து அல்ல. அப்புறம் எடை. 18-300 கிட்டத்தட்ட 585 கிராம், உங்கள் கேமரா பாடியே பேட்டரியோடு 475 கிராம்தான். நீள முனையில் எஃப் 6.3க்கு மேல் திறக்காது (எஃப் எண் சிறிதானால் லென்ஸின் துளை பெரிது), மாலை வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ, அதாவது கேமராவின் ஒளி உணர்திறன், எகிறும். இருந்தாலும் பயணத்தில் லென்ஸே மாற்ற மாட்டேன் என்று பிடிவாதமாக இருப்பவருக்கு அது தப்பான லென்ஸ் இல்லை. ஒவ்வொரு மண்டபத்திலும் நின்று லென்ஸ் மாற்றினால் குடும்பத்தார் முகம் எப்படிப் போகும் என்று தெரியாதா என்ன.

50 எம்எம் கதை வேறு. பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஹென்றி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் தன் லைக்கா கேமராவில் பெரும்பாலும் 50 எம்எம்தான் மாட்டியிருந்தார், அதைச் சொல்லித்தான் எல்லோரும் தெருப் படத்துக்கு அதைப் பரிந்துரைக்கிறார்கள். அவர் எடுத்த ஃபிலிம் 36×24 மில்லிமீட்டர். உங்கள் சென்சார் 22.3×14.9. ஆகவே எந்த லென்ஸின் எம்எம்மையும் 1.6ஆல் பெருக்கிப் பார்க்க வேண்டும். 50 உங்களிடம் 80 ஆகிவிடும், முகப்படத்துக்கு அருமையான கோணம். வீட்டில் குழந்தைகள் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். ஆனால் அது ப்ரெஸ்ஸோனின் 50 அல்ல. இன்னொரு பக்கம், அமெரிக்கப் புகைப்படக்காரர் காரி வினோகிராண்ட் நியூயார்க் தெருக்களில் பெரும்பாலும் 28 எம்எம் வைத்திருந்தார். அந்தக் கோணம் உங்கள் 18-55இன் 18 முனையிலேயே இருக்கிறது. அதே ஊரில் இன்னொரு புகைப்படக்காரர் சால் லைட்டர் நீள லென்ஸ்களும் வைத்துக்கொண்டு கண்ணாடிக்கும் பனிக்கும் பின்னால் இருந்தவர்களை எடுத்தார். ஆகவே தெருப் படத்துக்கு இதுதான் லென்ஸ் என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள்.

உங்கள் தெரு மாட்டுச் சந்தை என்பதால் அதற்கு மட்டும் சொல்கிறேன். அங்கே எடுக்க வேண்டிய படம் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவது. இரண்டு முகமும் வேண்டும், நடுவில் துண்டும் வேண்டும், பக்கத்தில் ஒன்றும் தெரியாததுபோல் நிற்கும் மாடும் வேண்டும். 50 எம்எம் மாட்டினால் இவ்வளவையும் அடக்க நாலைந்து மீட்டர் பின்னால் போக வேண்டும். அந்த இடைவெளியில் ஒரு வேட்டி, ஒரு வால், ஒரு டெம்போ என்று ஏதாவது புகுந்துகொண்டே இருக்கும். கேனனின் 24 எம்எம் எஃப் 2.8 எஸ்டிஎம் என்று ஒரு தட்டையான சின்ன லென்ஸ் உண்டு, 125 கிராம். உங்கள் கேமராவில் 38 எம்எம் கோணம் வரும், ஒன்றரை, இரண்டு மீட்டரில் நின்றே எடுக்கலாம். கேமரா சின்னதாகத் தெரியும் என்பதும் ஒரு லாபம். நீள லென்ஸ் மாட்டினால் பத்திரிகைக்காரர் வந்துவிட்டார் என்று நினைத்துவிடுவார்கள்.

அமைப்பு இப்படி வையுங்கள்: எஃப் 8, ஷட்டர் 1/250, ஐஎஸ்ஓ ஆட்டோ. இரண்டரை மீட்டர் தள்ளி இருக்கும் ஒரு கம்பத்தில் ஃபோகஸ் செய்துவிட்டு ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிடுங்கள். ஏறக்குறைய ஒன்றரை மீட்டரிலிருந்து ஏழு மீட்டர் வரை எல்லாம் தெளிவாக விழும். அப்புறம் ஃபோகஸைப் பற்றிய நினைப்பே வேண்டாம், முகங்களை மட்டும் பாருங்கள். ஒரு விஷயம், துண்டு போடுவதே விலை வெளியே தெரியக்கூடாது என்றுதான். அதனால் கேட்காமல் எடுக்காதீர்கள். ஒரு டீ குடித்துவிட்டு, ஊர்ப் பேச்சு பேசிவிட்டுக் கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள்.

இப்போது உங்கள் தோப்பு. நான் அதிகம் எழுத விரும்புவது இதைப் பற்றித்தான், ஏனென்றால் பணம் வீணாகும் இடமும் இதுதான்.

நண்பர் சொன்ன 100 எம்எம் மேக்ரோ நிஜமான மேக்ரோ லென்ஸ். 1:1 தரும், ஓரம் வரை கூர்மை குறையாது. ஆனால் பட்ஜெட்டைப் பெருமளவு தின்றுவிடும், சந்தைக்கு 160 எம்எம் கோணத்தோடு போய் நிற்க வேண்டியதுதான். மாற்று வழி ஒன்று இருக்கிறது. கேனன் 55-250 எஸ்டிஎம் லென்ஸ் ஒன்றை வாங்கி, அதன் முன்னால் ரேனாக்ஸ் டிசிஆர்-250 என்ற சின்னக் கண்ணாடியைக் கவ்வவிடுங்கள். கிளிப் போட்ட மாதிரி மாட்டிக்கொள்ளும், 52 முதல் 67 மிமீ வரை ஃபில்டர் வாய் உள்ள லென்ஸ்களுக்குப் பொருந்தும். 55-250இன் வாய் 58.

இதன் கணக்கு சுலபம். ரேனாக்ஸின் திறன் 8 டயாப்டர், அதாவது 125 மிமீ குவியத்தூரம். லென்ஸின் ஃபோகஸை முடிவிலியில் (மிகத் தொலைவில்) வைத்தால், எந்த எம்எம்மில் இருக்கிறதோ அதை 125ஆல் வகுத்தால் உருவளவு வந்துவிடும். 125இல் 1:1. 250இல் நிஜ அளவில் இரண்டு மடங்கு! எல்லா நிலையிலும் பொருளுக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஏறத்தாழ 12 செ.மீ. இடைவெளி இருக்கும், ஜூமைத் திருகினால் எறும்பு பெரிதாகும், அவ்வளவுதான். 55 பக்கம் வந்தால் மூலைகள் கறுக்கலாம், கொஞ்சம் மேலேயே நின்றுகொள்ளுங்கள். குறையும் உண்டு. மேக்ரோ லென்ஸ்போல் தூரத்திலிருந்து கிட்டே வரைக்கும் தொடர்ந்து ஃபோகஸ் ஆகாது, அந்த 12 செ.மீ. பக்கத்தில் மட்டும்தான் வேலை செய்யும். கழற்றினால் ஹம்பிக்கு 55-250 தயார்.

1:1 எதற்கு என்று கேட்டால் முசுறைச் சொல்வேன். உங்கள் பக்கம் மாமரத்தில் இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் அந்தச் சிவப்பெறும்புதான். கூட்டத்தில் ஒன்று மட்டும் தனியாக, கொஞ்சம் தயங்கித் தயங்கி நடந்தால் நின்று பாருங்கள். எறும்பு வேஷம் போட்ட குதிக்கும் சிலந்தி ஒன்று உண்டு, மிர்மாபிளாட்டா என்று அறிவியல் பெயர். முன்கால் இரண்டைத் தூக்கி மீசைபோல் ஆட்டும், உடம்பை இடுக்கி எறும்பு இடுப்பு மாதிரி காட்டும். ஆண் சிலந்திக்கு முன் தாடைகள் நீண்டு, ஒரு எறும்பு இன்னொன்றைத் தூக்கிப் போவதுபோலவே இருக்கும். 18-55இல் எடுத்தால் அது இன்னொரு சிவப்பெறும்பு. 1:1 வந்தால் எட்டுக் கால் தெரியும், முன்னால் விழிக்கும் பெரிய கண்கள் தெரியும். எறும்பின் உடம்பு ஒரு செ.மீ.க்குள்தான். 1:3இல் படத்தின் அகலத்தில் ஏழில் ஒரு பங்கு, 1:1இல் கிட்டத்தட்டப் பாதி. கூட்டை மட்டும் அசைத்துவிடாதீர்கள், மேலே விழுந்தால் என்ன ஆகும் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

இந்த நெருக்கத்தில் லென்ஸைவிட வெளிச்சம் முக்கியம். எஃப் 11 வைத்தாலும் தெளிவாக விழும் ஆழம் ஒரு மில்லிமீட்டரைத் தொடாது, அதற்கு மேல் மூடிக்கொண்டே போனால் சின்னத் துளையில் ஒளி சிதறிப் பரவுவதால் (விளிம்பு விலகல்) படம் மொத்தமாக மழுங்கும். நிழல் விழுந்த தோப்பில் எஃப் 11க்கு வெளிச்சம் எங்கே? ஃப்ளாஷ் வேண்டும். கேமராவில் எழும்பி வரும் ஃப்ளாஷே போதும், அதன் முன்னால் லென்ஸின் மூக்குவரை நீளும்படி ட்ரேசிங் பேப்பரோ மெல்லிய வெள்ளைத் தெர்மக்கோலோ வைத்து ஒளியைப் பரப்புங்கள். மேனுவலில் 1/200, எஃப் 11, ஐஎஸ்ஓ 200 என்று தொடங்குங்கள். ஃப்ளாஷ் மின்னும் நேரம் மிகச் சிறிது என்பதால் கை நடுக்கமும் எறும்பின் ஓட்டமும் உறைந்துவிடும். லென்ஸிலுள்ள நடுக்கம் தடுக்கும் வசதி இவ்வளவு கிட்டத்தில் பெரிதாக உதவாது. ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிட்டு, உடம்பை மெல்ல முன்னும் பின்னும் சாய்த்து, கண் தெளிவாகும் கணத்தில் அழுத்துங்கள். நிறையப் படம் தப்பும். எல்லோருக்கும் அப்படித்தான்.

பிறகு தனி ஃப்ளாஷ் வாங்க நினைத்தால் முதலில் கேமராவின் மேல் ஃப்ளாஷ் மாட்டும் இடத்தை, அதாவது ஷூவை, பாருங்கள். கேனனின் சில ஆரம்பநிலை பாடிகளில் நடு முள்ளே இல்லை, மலிவான மேனுவல் ஃப்ளாஷ் மாட்டினால் எரியாது.

ஹம்பிக்குப் புதிதாக ஒன்றும் வேண்டாம். 18-55, 55-250 இரண்டும் போதும். தொல்லியல் துறைச் சின்னங்களில் முக்காலிக்கு அனுமதி வாங்க வேண்டும், எனவே பாதாமிக் குகைகளுக்குள் 18இல் வைத்து, தூணில் தோளைச் சாய்த்து, 1/10 நொடியில் எடுத்துப் பாருங்கள். சிற்பங்கள் ஓடப் போவதில்லை, நடுக்கம் தடுக்கும் வசதி பயன்படுவது இந்த மாதிரி இடத்தில்தான். விருபாட்சர் கோயிலில் ஒன்றை மறக்காமல் பாருங்கள். ராஜகோபுரத்தின் பிம்பம் ஒரு துளை வழியாக உள்ளே சுவரில் தலைகீழாக விழுகிறது. நாம் எந்த லென்ஸ் என்று மண்டையை உடைத்துக்கொண்டிருக்க, அந்தச் சுவர் லென்ஸே இல்லாமல் படம் எடுத்துக்கொண்டிருக்கிறது.

வாங்குவதை, கையில் எடுத்துப் பார்க்க முடிகிற இடத்தில் பழையதாக வாங்குங்கள். 2018இல் கேனன் மிரர்லெஸ் கேமராக்களுக்கான ஆர்எஃப் என்ற புதிய லென்ஸ் வரிசைப் பக்கம் போனபிறகு பழைய லென்ஸ்களைப் பலர் விற்றுக்கொண்டிருக்கிறார்கள். பின்னால் மிரர்லெஸ்ஸுக்கு மாறினாலும் அடாப்டர் போட்டு இவற்றை மாட்டலாம். கண்ணாடி வழியே டார்ச் அடித்து, சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். சிலந்தி வலைபோல் நூல் நூலாகத் தெரிந்தால் பூஞ்சை, பேசாமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தூசி இருந்தால் பரவாயில்லை. உங்கள் ஊர் ஈரத்துக்கு, மூடி இறுகும் டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும். ஜெல் நிறம் மாறியதும் சூடுபடுத்திக்கொள்ளுங்கள். லென்ஸோடு வரும் தோல் உறையில் மட்டும் மாதக்கணக்கில் போட்டு வைக்காதீர்கள்.

55-250ஐயும் ரேனாக்ஸையும் இப்போதே வாங்கலாம். 24க்கு அவசரமில்லை. 18-55ஐ 24இல் வைத்து ஒரு மாதம் சந்தைக்குப் போய்வந்து, அந்தக் கோணம் பிடித்திருந்தால் வாங்குங்கள்.

யுவி ஃபில்டர் கேட்டிருந்தீர்கள். சந்தைப் புழுதிக்கு மாட்டிக்கொள்ளலாம். ஹம்பியில் சூரியனைப் பார்த்து எடுக்கும்போது கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் பேய் பிம்பம் விழும். காசு கொடுத்து வாங்குவதாக இருந்தால் நான் ஹூட் (லென்ஸின் முன்னால் மாட்டும் நிழல் மறைப்பு) வாங்குவேன்.