ஏர் ஃப்ரையர் வாங்கலாமா, வாணலியே போதுமா?

கேள்வி: வாரத்தில் மூன்று நான்கு நாளாவது வீட்டில் ஏதாவது பொரிக்கிறோம். எண்ணெயைக் குறைப்பதற்காக ஏர் ஃப்ரையர் வாங்கலாம் என்று நினைக்கிறேன். வாணலியில் பொரித்தது போலவே வருமா?

பதில்: எதைப் பொரிக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. வாங்குவதா வேண்டாமா என்பது அதில்தான் இருக்கிறது.

முதலில் அந்தக் கருவி என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். ஏர் ஃப்ரையர் எதையும் பொரிப்பதில்லை. அது விசிறி வைத்த ஒரு குட்டி ‘அவன்’ (பேக்கிங் செய்யும் மின்சார அடுப்பு). மேலே சூடேறும் கம்பிச்சுருள், அதை ஒட்டி ஒரு விசிறி, கீழே துளை போட்ட கூடை, அவ்வளவுதான். பெட்டி சின்னதாக இருப்பதால் சீக்கிரம் சூடேறுகிறது. சூடான காற்றும் உணவின் மேல் விடாமல் வேகமாக வீசிக்கொண்டிருக்கிறது. பிலிப்ஸ் நிறுவனம் இதை 2010-இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. விசிறி வைத்த அவன்கள் அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே இருந்தவை.

வாணலியில் நடப்பது வேறு. 170 முதல் 190 டிகிரி செல்சியஸ் வரை காய்ந்த எண்ணெய், உணவை எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் சூழ்ந்துகொள்கிறது. இரண்டும் ஒரே சூட்டில் இருந்தாலும், காற்றைவிட எண்ணெய் பல மடங்கு வேகமாகச் சூட்டை உணவுக்குக் கொடுக்கும். 180 டிகிரியில் இருக்கும் அவனுக்குள் ஒரு நொடி கையை விட்டு எடுத்தால் அனல் அடிக்கும், அவ்வளவுதான். அதே சூட்டில் இருக்கும் எண்ணெய் ஒரு துளி தெறித்தாலே கொப்புளித்துவிடும்.

அதனால்தான் தளர்ந்த மாவில் தோய்த்துப் போடும் எதுவும் ஏர் ஃப்ரையரில் சரிப்படாது. எண்ணெயில் விழுந்த சில நொடிகளில் மாவு இறுகி ஓடு கட்டிவிடும். காற்றில் அது இறுகுவதற்குள் கூடையின் துளை வழியாக வழிந்து அடியில் போய் ஒட்டிக்கொள்ளும். மிச்சம் இருப்பது மொறுமொறுப்பாக இல்லாமல் வறண்டு போகும். எண்ணெயில் குப்பென்று உப்ப வேண்டிய பண்டங்களுக்கும் இதே கதிதான்.

நன்றாக வருபவையும் நிறைய இருக்கின்றன. நறுக்கிய உருளைக்கிழங்கு, தோலுரிக்காத கோழித் துண்டுகள், மசாலா தடவிய மீன், ரொட்டித்தூள் புரட்டி லேசாக எண்ணெய் தடவியவை, காலிஃபிளவர் போன்ற காய்கள், உறைய வைத்து விற்கும் பொரிப்பு வகைகள் எல்லாம் அருமையாக வரும். நேற்றுப் பொரித்து இன்று நமுத்துப்போனதை மறுபடி மொறுமொறுப்பாக்குவதில் வாணலியைவிட இதுவே மேல். 170 டிகிரியில் சில நிமிடம் போதும்.

உங்கள் வீட்டில் பொரிப்பது பெரும்பாலும் இந்த வகைதான் என்றால் தயங்காமல் வாங்குங்கள். வாரம் மூன்று நான்கு முறை என்பதால் எண்ணெய்ச் செலவும் வேலையும் கண்கூடாகக் குறையும். மாவில் தோய்த்துப் போடுவதுதான் அதிகம் என்றால் வாங்க வேண்டாம். சில மாதங்களில் அது பரணுக்குப் போய்விடும்.

கேள்வி: ‘90 சதவீதம் வரை கொழுப்பு குறையும்’ என்று பெட்டியில் போட்டிருக்கிறார்கள். நம்பலாமா?

பதில்: ‘வரை’ என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். எதோடு ஒப்பிட்டு அப்படிச் சொல்கிறார்கள் என்பது அடியில் சின்ன எழுத்தில் இருக்கும். பெரும்பாலும் அது பச்சை உருளைக்கிழங்கை நறுக்கி, முக்கிப் பொரித்ததோடு செய்த ஒப்பீடு. உருளைக்கிழங்கில் சொந்தக் கொழுப்பு என்பது இல்லவே இல்லை என்று சொல்லலாம். பொரித்தபின் அதில் இருப்பதெல்லாம் எண்ணெய்தான் என்பதால் வித்தியாசம் பெரிதாகத் தெரிகிறது.

முக்கிப் பொரித்த உருளைக்கிழங்கில் 100 கிராமுக்குத் தோராயமாக 10 முதல் 15 கிராம் எண்ணெய் இருக்கும். ஏர் ஃப்ரையரில் அரைக் கிலோ கிழங்குக்கு ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் பிசிறினால் போதும். அது சுமார் 14 கிராம், ஏறக்குறைய 120 கலோரி, அதுவும் மொத்தக் கிழங்குக்கும் சேர்த்து. ஆக, கிழங்கைப் பொறுத்தவரை விளம்பரத்தில் உண்மை இருக்கிறது.

கோழித்தோலில் சொந்தக் கொழுப்பு உண்டு. கொஞ்சம் உருகிக் கீழே சொட்டும், ஆனால் 90 சதவீதம் என்ற பேச்சுக்கே இடமில்லை. உறைந்த வகைகளில் இன்னொரு விஷயம்: அவற்றில் பல, தொழிற்சாலையிலேயே ஒருமுறை எண்ணெயில் பொரித்த பிறகுதான் உறைய வைக்கப்படுகின்றன. நீங்கள் ஒரு சொட்டு எண்ணெய் விடாவிட்டாலும் அது ‘எண்ணெய் இல்லாத’ உணவு ஆகாது. உறையின் பின்பக்கம் 100 கிராமுக்கு எத்தனை கிராம் கொழுப்பு என்று போட்டிருப்பதைப் பாருங்கள்.

கேள்வி: எனக்கு வாணலியில் பொரித்ததுதான் பிடிக்கும். அதை விடாமலே எண்ணெய் குடிப்பதைக் குறைக்க முடியுமா?

பதில்: முடியும், நன்றாகவே முடியும். புதுக் கருவி வாங்குவதற்கு முன் எல்லோரும் ஒருமுறை இதைச் செய்துபார்க்க வேண்டும் என்பேன்.

எண்ணெயில் போட்டதும் உணவைச் சுற்றிக் குமிழி எழுகிறதே, அது உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகி வெளியே வருவது. ஆவி வெளியே தள்ளிக்கொண்டிருக்கும் வரை எண்ணெய் எளிதில் உள்ளே நுழைய முடியாது. பெரும்பகுதி எண்ணெய் உள்ளே போவது உணவை வெளியே எடுத்த பிறகுதான். சூடு ஆறும்போது உள்ளிருக்கும் ஆவி தண்ணீராகச் சுருங்குகிறது; அந்த வெற்றிடத்துக்குள் மேலே ஒட்டியிருக்கும் எண்ணெய் உறிஞ்சப்படுகிறது. ஆகவே எடுத்த கையோடு அரிகரண்டியை வாணலியின் மேலேயே நன்றாக உதறி, சூடு ஆறுவதற்குள் உறிஞ்சு தாளில் போட்டு ஒற்றி எடுங்கள். தட்டில் குவித்து வைத்துவிட்டு, பத்து நிமிடம் கழித்து ஒற்றினால் பிரயோஜனம் இல்லை. குடிக்க வேண்டியதை அது குடித்து முடித்திருக்கும்.

அப்புறம் சூடு. எண்ணெய் சரியாகக் காயாமல் போட்டால் ஓடு கட்டாது, வேக அதிக நேரம் ஆகும், எண்ணெயும் அதிகம் குடிக்கும். ஒரே நேரத்தில் அள்ளிப் போட்டாலும் சூடு சட்டென்று இறங்கி இதேதான் நடக்கும். கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். முடிந்தால் எண்ணெயில் வைக்கும் ஒரு தெர்மாமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். ஏர் ஃப்ரையரின் விலையில் சிறு பங்குதான் ஆகும்.

ஒருமுறை காய்ச்சிய எண்ணெயைத் திரும்பப் பயன்படுத்துவது பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆறியதும் துகள் இல்லாமல் வடிகட்டி, மூடி போட்டு, வெளிச்சம் படாமல் வையுங்கள். நிறம் கறுத்தாலோ, குழகுழவென்று ஆனாலோ, நுரை அடங்காமல் நின்றாலோ, காறல் வாடை அடித்தாலோ, முன்பைவிடக் குறைந்த சூட்டிலேயே புகைந்தாலோ அதைக் கொட்டிவிட வேண்டியதுதான். பழையதில் புதிய எண்ணெயை ஊற்றி ஒப்பேற்றாதீர்கள். புதியதும் சீக்கிரம் கெடும். தொட்டியில் கொட்டினால் குழாய் அடைத்துக்கொள்ளும், அதனால் ஒரு டப்பாவில் மூடிக் குப்பையில் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: ஏர் ஃப்ரையரில் செய்தால் அக்ரிலமைடு என்ற வேதிப்பொருள் வராது, புற்றுநோய் பயம் இல்லை என்கிறார்களே?

பதில்: அது தவறு. உணவில் அக்ரிலமைடு உருவாகிறது என்பதை 2002-இல் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். உருளைக்கிழங்கு, தானியம் போன்றவற்றில் இருக்கும் அஸ்பரஜின் என்ற அமினோ அமிலமும் சில வகைச் சர்க்கரையும் 120 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் சேர்ந்து அதை உண்டாக்குகின்றன. எண்ணெயா காற்றா என்பது அல்ல, சூடும் நேரமும் நிறமும்தான் முக்கியம். ஏர் ஃப்ரையரில் 200 டிகிரி வைத்துக் கரும்பழுப்பாக எடுத்தால், வாணலியில் பொன்னிறமாக எடுத்ததைவிட அது மோசமாகவே இருக்கலாம்.

இதைக் குறைக்க, நறுக்கிய கிழங்கை 15 முதல் 30 நிமிடம் தண்ணீரில் ஊறவைத்து, வடித்து, ஈரம் போகத் துடைத்த பிறகு சமையுங்கள். பொன்னிறம் வந்ததும் எடுத்துவிடுங்கள். வாணலி, ஏர் ஃப்ரையர் இரண்டுக்கும் இது பொருந்தும்.

கேள்வி: எங்களிடம் ஏற்கெனவே விசிறி வைத்த கன்வெக்‌ஷன் அவன் இருக்கிறது. ஏர் ஃப்ரையரும் வேண்டுமா?

பதில்: தேவையில்லை. கம்பித்தட்டில் பரப்பி வைத்து, கீழே ஒரு தட்டு வைத்து, விசிறியை ஓடவிட்டால் ஏறக்குறைய அதே பலன்தான். அவன் சூடேற அதிக நேரம் எடுக்கும், அது ஒன்றுதான் குறை.

கேள்வி: நான்கு பேர் இருக்கிறோம். எத்தனை லிட்டர் வாங்குவது? மின்சாரம் அதிகம் இழுக்குமா?

பதில்: லிட்டர் கணக்கு உங்களை ஏமாற்றும். உயரமான கூடையும் அகலமான கூடையும் ஒரே லிட்டராக இருக்கலாம். காற்று ஒவ்வொரு துண்டையும் சுற்றி வர வேண்டும் என்பதால் உணவை ஓர் அடுக்காகத்தான் பரப்ப வேண்டும். கூடையின் அடித்தளம் எவ்வளவு அகலம் என்று கடையில் திறந்து பாருங்கள். சதுரக் கூடையில் வட்டத்தைவிட அதிகம் கொள்ளும். நான்கு பேருக்கு 5, 6 லிட்டர் அளவு சரியாக இருக்கும். அதிலும் சில நேரம் இரண்டு தடவை போட வேண்டி வரும், அதை மனதில் வைத்துக்கொண்டு வாங்குங்கள்.

1,500 வாட் கருவி 20 நிமிடம் ஓடினால் அதிகபட்சம் அரை யூனிட். சூடு எட்டியதும் அது விட்டுவிட்டுத்தான் ஓடும் என்பதால் உண்மையில் இன்னும் குறையும். மெல்லிய எக்ஸ்டென்ஷன் கம்பியில் மட்டும் சொருகாதீர்கள், கம்பி சூடாகும். பின்பக்கம் சூடான காற்று வெளியேறும். சுவரை ஒட்டி வைக்கக் கூடாது.

கேள்வி: வயதான அம்மா பகலில் தனியாக இருக்கிறார். அவருக்கு எது பாதுகாப்பு?

பதில்: சந்தேகமே வேண்டாம், ஏர் ஃப்ரையர்தான். நேரம் முடிந்ததும் தானே அணைந்துவிடும். காய்ந்த எண்ணெயை மறந்துவிட்டுப் போகும் ஆபத்து இல்லை. கூடையை வெளியே இழுக்கும்போது அதன் எடை அம்மாவின் கைக்குத் தாங்குமா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். சிலவற்றில் கூடையும் டிராயரும் சேர்ந்து நல்ல கனம்.

வாணலியைப் பயன்படுத்தும் எல்லோருக்கும் ஒன்று. எண்ணெயில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. தண்ணீர் எண்ணெய்க்கு அடியில் போய் ஒரு நொடியில் ஆவியாகும். ஆவியாகும்போது சுமார் 1,700 மடங்கு விரியும். எரியும் எண்ணெயை அது கூரை வரை தூக்கி அடிக்கும். கைக்கு எட்டினால் அடுப்பை அணைத்து, பெரிய உலோக மூடியால் பக்கவாட்டில் இருந்து நகர்த்தி மூடுங்கள். முழுவதும் ஆறும் வரை மூடியைத் திறக்காதீர்கள். அந்த மூடியைப் பொரிக்கத் தொடங்கும் முன்பே அடுப்புக்குப் பக்கத்தில் எடுத்து வையுங்கள்.

கேள்வி: கூடையில் இருக்கும் நான்ஸ்டிக் பூச்சு கெடுதலா? எத்தனை நாள் வரும்?

பதில்: அந்தப் பூச்சு பெரும்பாலும் பிடிஎஃப்இ (டெஃப்லான் என்ற பெயரில் தெரிந்த பிளாஸ்டிக் வகை). 260 டிகிரிக்கு மேல் போனால்தான் அது சிதையத் தொடங்கும். வீட்டு ஏர் ஃப்ரையர்கள் பெரும்பாலும் 200 டிகிரியோடு நின்றுவிடும். எனவே பயப்பட வேண்டியதில்லை. வீட்டில் கிளி, குருவி வளர்த்தால் மட்டும் கூண்டைச் சமையலறையில் வைக்காதீர்கள். பூச்சு அளவுக்கு மீறிச் சூடானால் வரும் புகை பறவைகளைக் கொன்றுவிடும். நான்ஸ்டிக் வாணலிக்கும் இது பொருந்தும்.

பூச்சு எத்தனை நாள் வரும் என்பது உங்கள் கையில் இருக்கிறது. கம்பி நாரால் தேய்க்காதீர்கள். டப்பாவில் அடைத்து விற்கும் சமையல் ஸ்பிரேயில் பெரும்பாலும் லெசித்தின் என்ற கொழுப்புப் பொருள் கலந்திருக்கும். அது பிசின் போலப் படிந்து பூச்சை நாசமாக்கும். சாதாரண எண்ணெயைத் தூரிகையால் தடவுங்கள், அல்லது வெறும் எண்ணெயை ஊற்றி அடிக்கும் குப்பி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கும்போது கூடை மட்டும் தனியாகக் கிடைக்குமா, என்ன விலை என்று கடைக்காரரிடம் கேட்டுவிடுங்கள். முதலில் தேய்வது கூடைதான், மோட்டார் அல்ல. கூடை தனியாகக் கிடைக்காத மாடலை எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.