எடைச் சீட்டில் ஒரு வரி

அன்புள்ள ஆசிரியருக்கு,

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் கணக்கு எழுதுகிறேன். அடுத்த சீசனுக்குள் கொள்முதலைக் கணினிக்கு மாற்ற வேண்டும் என்கிறார் முதலாளி. மென்பொருள் எழுதுபவர் தரவு ஓட்ட வரைபடம் கேட்கிறார். லாரி, வாயில், எடைமேடை, காய் கொட்டுமிடம், அலுவலகம் என்று அம்புக்குறி போட்டு இணைத்திருக்கிறேன். காய் மட்டமாக இருந்தால் திருப்பி அனுப்பும் வழியும் உண்டு. பழைய பில் ஒன்றையும் இணைத்துள்ளேன். படம் சரிதானா?

வாசகர், காவேரிப்பட்டணம்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மென்பொருள்காரர் நல்லவர். பலர் இதைக் கேட்காமலே திரையை வடிவமைக்க உட்கார்ந்துவிடுவார்கள். தரவு ஓட்ட வரைபடம் என்பது எந்தத் தகவல் எங்கிருந்து எங்கே போகிறது என்று காட்டும் படம். ஆனால் உங்கள் படத்தில் ஓடுவது லாரி. அம்புக்குறியின் மேல் எடை, விலை, விவசாயியின் பெயர் போன்றவைதான் போகலாம். ‘மட்டமாக இருந்தால்’ என்ற நிபந்தனைக்கும் இங்கே இடமில்லை.

குறிகள் நான்குதான். வெளியாளுக்குச் சதுரம், செயலுக்கு வட்டம், பதிவேட்டுக்கு இரண்டு இணைகோடு, தரவுக்கு அம்புக்குறி. இது யூர்டன், டிமார்கோ என்ற மென்பொருள் வல்லுநர்களின் வழி. கேன், சார்சன் என்ற வேறு இருவரின் முறையில் வடிவங்கள் சற்று மாறும். இரண்டையும் கலக்காதீர்கள்.

முதலில் ஆலை முழுவதையும் ஒரே வட்டமாகப் போட்டு, சுற்றிலும் விவசாயி, மண்டிக்காரர், வங்கி என்று எழுதுங்கள். பிறகு வட்டத்தைப் பிரியுங்கள். பிரித்த படத்தில் உள்ளே வருவதும் வெளியே போவதும் முதல் படத்தோடு ஒத்துப்போக வேண்டும்.

இப்போது ‘பில் போடுதல்’ வட்டத்துக்கு வாருங்கள். பார எடை, காலி எடை, அன்றைய விலை உள்ளே போகின்றன. விவசாயிக்குத் தர வேண்டிய தொகை வெளியே வருகிறது. ஆனால் நீங்கள் அனுப்பிய பில்லில் ‘கழிவு’ என்று ஒரு வரி இருக்கிறதே, அந்த எண் எந்த அம்புக்குறியில் வந்தது? கொட்டுமிடத்தில் நிற்கும் மேஸ்திரி காயைப் பார்த்து வாயால் சொல்ல, நீங்கள் எழுதிக்கொள்கிறீர்கள் என்று நினைக்கிறேன். விவசாயி சண்டைக்கு நிற்பதும் அந்த வரியில்தானே? இதை அப்படியே கணினியில் ஏற்றினால் அதே சண்டை அச்சடித்த பில்லோடு வரும்.

‘தரம் பார்த்தல்’ என்று தனி வட்டம் போடுங்கள். அதிலிருந்து கழிவுப் பதிவேட்டுக்கு ஓர் அம்பு, பதிவேட்டிலிருந்து பில்லுக்கு ஓர் அம்பு. எடைப் பதிவேட்டிலிருந்து பேரேட்டுக்கு நேராகக் கோடு இழுத்திருக்கிறீர்கள். அது கூடாது, நடுவில் ஒரு செயல் வேண்டும்.

கழிவை எதை வைத்துச் சொல்கிறார் என்று மேஸ்திரியிடம் இப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சீசன் தொடங்கிவிட்டால் அவர் கைக்குக் கிடைக்கமாட்டார்.