பந்தல் எந்தப் பக்கம்?

கேள்வி: அம்மா, எங்கள் வீட்டுக் கொல்லை கிழக்கு மேற்காக 20 அடி, தெற்கு வடக்காக 15 அடி. வடக்கே வீடு, தெற்கே ஆறடி மதில், வடமேற்கு மூலையில் ஒரு தென்னை. ஆடிப்பட்டத்தில் காய்கறி போட ஆசை. மதிலை ஒட்டிப் பந்தல் போட்டால் இரண்டு கால் மிச்சம் என்கிறார் மாமனார். எதை எங்கே வைக்கலாம்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் மாமனார் சொன்ன அதே கணக்கைப் போட்டுக் கையைச் சுட்டுக்கொண்டவள் நான். தெற்கு ஓரத்தில் புடலைப் பந்தல் போட்டேன். ஆடி, ஆவணியில் ஒரு குறையும் தெரியவில்லை. கார்த்திகை வந்ததும் பந்தலுக்குப் பின்னாலிருந்த தக்காளி வெயிலைத் தேடி நெடுநெடுவென்று வளர்ந்ததே தவிர, பூவைக் காணோம். "கொடி வகை தக்காளியா?" என்று வீட்டுக்காரர் கேலி செய்ததுதான் மிச்சம்.

காரணம் இதுதான். ஆடி மாதத்தில் உச்சிச் சூரியன் நம் தலைக்குச் சற்று வடக்கே நிற்கும். மதில் நிழல் உங்கள் பக்கம் விழவே விழாது. மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்துவிடும். அப்போது ஆறடி மதிலுக்கு உச்சி வேளையிலேயே நாலடி நிழல். அதன்மேல் பந்தலும் ஏறினால் கொல்லையில் பாதி போச்சு. இன்றைக்குத் தெரிகிற வெயிலை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

அந்த நாலடியைத்தான் முதலில் ஒதுக்க வேண்டும். மதிலோரம் இரண்டரை அடிப் பாத்தி, அடுத்து ஒன்றரை அடி நடைபாதை. ஒரு பக்கத்திலிருந்துதான் கை நீட்ட முடியும் என்பதால் இதற்கு மேல் அகலம் வேண்டாம். புதினா, பொன்னாங்கண்ணி, வல்லாரை அங்கே போதும். அரை நிழலைப் பொறுத்துக்கொள்ளும்.

நடைபாதை தாண்டி, நடுவில் நாலடி அகலப் பாத்தி. இதுதான் உங்கள் நல்ல நிலம். 20 அடியை மூன்றாகத் தடுங்கள். எட்டடியில் கத்தரி, தக்காளி, மிளகாய், ஆறடியில் வெண்டை, மீதி ஆறடியில் கொத்தவரை அல்லது தட்டைப்பயறு. கத்தரிக்கும் தக்காளிக்கும் செடிக்குச் செடி இரண்டடி விடுங்கள். நாற்றாக இருக்கும்போது இடம் வீணாகிறதே என்று மனசு அடித்துக்கொள்ளும், விட்டுக்கொடுக்காதீர்கள். நாலு பேர் வீட்டுக்கு ஆறு கத்தரி தாராளம். வெண்டையில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. பதினைந்து செடியாவது இருந்தால்தான் ஒரு நேரப் பொரியலுக்குச் சேர்ந்தாற்போல் காய் கிடைக்கும்.

அடுத்த பட்டத்தில் மூன்று தடுப்புப் பயிர்களையும் இடம் மாற்றுங்கள். கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பம். ஒன்று இருந்த இடத்தில் இன்னொன்றை வைத்தால் வாடல் நோயும் வேர்ப்புழுவும் மண்ணிலேயே காத்திருக்கும். பயறு இருந்த இடத்துக்குக் கத்தரி போகட்டும்.

இன்னொரு ஒன்றரை அடி நடைபாதை விட்டால் வீட்டுப் பக்கம் ஐந்தரை அடி மிஞ்சும். பந்தல் அங்கேதான். தென்னையைச் சுற்றி ஆறடி விட்டுவிடுங்கள். அங்கே வேர் பின்னிக் கிடக்கும், காய்கறிச் செடி தேறாது. சேம்போ மஞ்சளோ ஊன்றிப் பார்க்கலாம். மீதி 14 அடிப் பந்தலுக்கு ஒரு பாகல், இரண்டு புடலை, ஒரு பீர்க்கன் போதும்.

ஒன்று மறந்துவிட்டேன்: ஐப்பசி மழையில் உங்கள் பக்கம் தண்ணீர் தேங்கும். பாத்திகளை அரையடி உயர்த்தி, நடைபாதையைப் பள்ளமாக விடுங்கள்.

மண்வெட்டி எடுக்கும் முன் கோலமாவால் இதையெல்லாம் தரையில் கோடு போட்டு, ஒரு நாள் குடத்தோடு நடந்து பாருங்கள். இடிக்கிற இடம் தெரிந்துவிடும். மாமனாரிடம் இரண்டு கால் இப்போதும் மிச்சம்தான் என்று சொல்லுங்கள். வீட்டுச் சுவரில் சன்ஷேடுக்குக் கீழே கொக்கி அடித்துக் கம்பியை இழுத்துக் கட்டலாம். கொடி மட்டும் சுவரிலிருந்து ஓரடி தள்ளியே ஏறட்டும்.