கேளுங்கள், சொல்கிறோம்

கேள்வி: பேராதனையில் இரண்டாம் வருடம் படிக்கிறேன். குடிவரவுச் சட்டம், விசா என்று பேச்சு வந்தாலே எனக்குக் கொட்டாவி வருகிறது. படிக்கிற பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு?
- ஒரு மாணவி, ஹட்டன்

பதில்: கொட்டாவி விடுங்கள் தங்கச்சி, தப்பில்லை. ஆனால் வீட்டு டிரங்குப் பெட்டியை ஒருதரம் திறந்து பாருங்கள். 1948இல் வந்த இலங்கைக் குடியுரிமைச் சட்டம், இங்கேயே பிறந்த ஆளிடமும், தகப்பன் இங்கே பிறந்தாரா, இல்லையென்றால் பாட்டனும் முப்பாட்டனும் பிறந்தார்களா என்று கேட்டது. தோட்டத் தொழிலாளரின் லயக் காம்பராவில் பிறந்தவர்களில் எத்தனை பேரிடம் அதற்குத் துண்டுக் காகிதமாவது இருந்திருக்கும்? அப்புறம் 1964இல் நம் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து, நம் மலையகத் தமிழரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரை 1974இல் சிறிமாவும் இந்திரா காந்தியும் பாதிப் பாதியாகப் பங்கு போட்டார்கள். (ஆட்களைத்தான், தேயிலையை அல்ல.) எங்கள் அப்பாயி இங்கே, அவர் தங்கச்சி தமிழ்நாட்டுக் கூடலூரில். இந்தியா போகிறவர்களை ஏற்றிப்போன ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்று சும்மாவா பெயர் வந்தது? நாடற்றவர்களாக மிஞ்சியவர்களுக்குச் சட்டம் வழிவிட 2003 ஆனது.

சரி, பழங்கதை என்பீர்கள். பிரித்தானியாவில் 2024 ஜனவரியிலிருந்து தொடங்கும் முதுகலைப் படிப்புகளில் பெரும்பாலானவற்றுக்குக் கணவனையோ பிள்ளையையோ கூட்டிப்போக முடியாது. விதி மாறியதே தெரியாமல் ஏஜென்சிக்காரரிடம் நகையை அடகு வைத்துக் காசு கட்டுகிறவர்கள் நம் பக்கத்துப் பிள்ளைகள்தான்.

லீவுக்கு வரும்போது, உங்கள் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் அப்பாவின் பெயர் அவருடைய அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள்.