பத்து வயது மகளை நீச்சல் போட்டிக்கு அனுப்பலாமா?

வணக்கம் அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மகளுக்குப் பத்து வயது, ஐந்தாம் வகுப்பு முடித்திருக்கிறாள். கோடை விடுமுறையில் மதுரையில் ஒரு பள்ளிக் குளத்தில் நீச்சல் பழக விட்டீர்கள். ஆறு வாரத்தில் கோச் உங்களைத் தனியாகக் கூப்பிட்டு, "பொண்ணுக்கு நீச்சல் இயல்பா வருது, போட்டி பேட்ச்ல போடுங்க, விட்டுடாதீங்க" என்றிருக்கிறார். வாரம் ஆறு நாள், காலை ஐந்தரைக்குக் குளத்தில் இருக்க வேண்டும். வீட்டுக்காரர், "ஆறாவதுலேர்ந்து நீட் ஃபவுண்டேஷன் கோர்ஸ் சேர்க்கலாம்னு இருக்கேன், குளத்துலயே கிடந்தா படிப்பு என்ன ஆகும்?" என்கிறார். மாமியாருக்குப் பிள்ளை கறுத்துப்போய்விடுவாளே என்ற கவலை. நடுவில் நீங்கள்.

மூன்று பக்கக் கடிதத்தில் கோச் சொன்னது இருக்கிறது, அப்பா சொன்னது இருக்கிறது, பாட்டி சொன்னதுகூட இருக்கிறது. மகள் என்ன சொன்னாள் என்று ஒரு வரி இல்லை. அதனால்தான் இந்தப் பதில் கொஞ்சம் நீளம்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்வோம். நீச்சல் தெரிந்திருப்பது வேறு, நீச்சல் போட்டிக்குப் போவது வேறு. முன்பெல்லாம் நம் ஊர்ப் பிள்ளைகள் இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு கிணற்றில் பழகினார்கள். இன்று கிணறும் இல்லை, பழக்கிவிட மாமாவும் பக்கத்தில் இல்லை. கோடை தோறும் ஆற்றிலும் கண்மாயிலும் குவாரிக் குட்டையிலும் பிள்ளைகள் மூழ்கும் செய்தி வந்துகொண்டுதான் இருக்கிறது. எனவே போட்டி வேண்டாம் என்று முடிவானாலும், ஆழத்தில் பயமில்லாமல் கால் மணி நேரம் தாக்குப்பிடிக்கும் வரை அவளைக் குளத்திலிருந்து எடுத்துவிடாதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

போட்டி என்பது தனி முடிவு. அதை எடுக்க எதைப் பார்ப்பது என்பதற்கு நான் கண்ணால் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு மாவட்டப் போட்டியில் உட்கார்ந்திருந்தேன். ஐம்பது மீட்டர் பேக் ஸ்ட்ரோக், சின்னப் பெண்கள். முதலில் வந்த பெண்ணைத் தோளில் தட்டி அவள் அப்பா போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். ஆறாவதாக வந்த பெண் காகிள்ஸை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, டைமிங் குறிக்கும் மேசைக்கு ஈரக்காலோடு ஓடினாள். தாளை எட்டிப் பார்த்தாள். திரும்பிக் கேலரியில் இருந்த தோழிக்கு நான்கு விரலைக் காட்டினாள். போன தடவையைவிட நான்கு விநாடி குறைத்திருக்கிறாள்! மெடல் வாங்கியவர்கள் யார் என்பதே அவள் கணக்கில் இல்லை. போட்டிக்கு அனுப்பலாமா என்று யாராவது கேட்டால் எனக்கு அந்த நான்கு விரல்தான் ஞாபகம் வரும். உங்கள் மகளிடம் அது இருக்கிறதா என்று பாருங்கள். பயிற்சி இல்லாத நாளில் அவளாகவே குளத்தைப் பற்றிப் பேசுகிறாளா? டர்ன், அதாவது சுவரை உதைத்துத் திரும்புவது, சரியாக வராத அன்று வீட்டுக்கு வந்து சோபாவில் காலை உதைத்துக் காட்டுகிறாளா? கோச் திட்டிய மறுநாள் எழுந்திருக்கிறாளா? கைநீளம், உயரம், பாதத்தின் அளவெல்லாம் பதினான்கு வயதில் பார்த்துக்கொள்ளலாம்.

அந்த ஆறு நாள் விஷயத்துக்கு வருகிறேன். பத்து வயதுக்கு அது அதிகம். வாரம் மூன்று அல்லது நான்கு நாள், ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரம், அதிலும் பெரும்பகுதி ஸ்ட்ரோக்கைத் திருத்துவதற்கு. இந்த வயதுக்கு இது போதும். ஃப்ரீஸ்டைல், பேக், பிரெஸ்ட், பட்டர்ஃபிளை என்று நான்கு ஸ்ட்ரோக்கும் அழகாக வர வேண்டும். ஒரே ஸ்ட்ரோக்கில் லேப் லேப்பாக ஓட்டினால் இரண்டே வருடத்தில் தோள் வலி என்று வந்து நிற்பாள். ஆயிரக்கணக்கான தடவை ஒரே மாதிரி சுழலும் மூட்டு அது. பன்னிரண்டு பதின்மூன்று வயதில் ஐந்தாறு நாளாக ஏற்றலாம். அப்புறம்தான் காலை மாலை இரண்டு வேளை என்ற பேச்சு. கோச்சிடம் இதைத் தயங்காமல் கேளுங்கள். நல்ல கோச் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இன்னொன்று, டைமிங்கைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். பள்ளிக் குளம் 25 மீட்டர் என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் 100 மீட்டர் நீந்தினால் மூன்று தடவை சுவரை உதைத்துத் திரும்புவாள். 50 மீட்டர் குளத்தில் ஒரே ஒரு தடவைதான். ஒவ்வொரு உதையும் வேகம் கொடுக்கும், கைக்கு ஒரு நொடி ஓய்வும் கொடுக்கும். அதனால் சின்னக் குளத்து டைமிங் எப்போதும் அழகாகத் தெரியும். அதை வைத்துக்கொண்டு சென்னைக்கு வண்டியேறி, 1995 தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டிய வேளச்சேரிக் குளத்தில் இறங்கும்போது பல பிள்ளைகள் நடுவழியில் மூச்சு வாங்கி, தங்களுக்குத் திறமையே இல்லை என்று அழுதுவிடுகிறார்கள். திறமை இருக்கிறது, குளம்தான் இரண்டு மடங்கு நீளம். போகும் முன்பே இதை அவளுக்குச் சொல்லி வையுங்கள்.

வயதுப் பிரிவு மெடலும் அப்படித்தான். பன்னிரண்டு வயதில் சீக்கிரம் வளர்ந்த பிள்ளை ஜெயிக்கும். பதினைந்து வயதில் மற்றவர்களும் வளர்ந்து எட்டிப் பிடித்துவிடுவார்கள். நீச்சல் வீரர் சஜன் பிரகாஷைப் பாருங்கள். நெய்வேலியில் வளர்ந்தவர், அம்மா தடகள வீராங்கனை, அங்கே நிலக்கரி நிறுவனத்தில் வேலை பார்த்தவர். 2021 ஜூனில் ரோமில் 200 மீட்டர் பட்டர்ஃபிளையை 1 நிமிடம் 56.38 விநாடியில் முடித்தார். ஒலிம்பிக் 'ஏ' தகுதி நேரம், அதாவது எட்டினால் நேரே ஒலிம்பிக்குக்குப் போகலாம் என்ற நேரம், 1:56.48. இடைவெளி ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு. அந்தத் தகுதியை நேரடியாக எட்டிய முதல் இந்திய நீச்சல் வீரர் அவர்தான். அப்போது வயது 27. நடுவில் கழுத்துக் காயத்தோடும் போராடினார். பத்து வயதில் ஒரு மாவட்ட மெடல் தவறினால் எதுவும் கைநழுவிப் போய்விடாது.

சரி, வீட்டுக்காரர் கேட்கும் கேள்வி. அவர் நேரடியாகக் கேட்கவில்லை, ஆனால் கடிதத்தின் கடைசிப் பத்தியில் எட்டிப் பார்க்கிறது: "ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சீட் கிடைக்குமா?" இருப்பதை இருக்கிறபடி சொல்கிறேன். தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள். எல்லா விளையாட்டுக்கும் சேர்த்துத்தான் அந்த 500. எம்.பி.பி.எஸ்.ஸுக்கு மாநிலம் முழுவதற்கும் 7 இடங்கள், நீட் தேர்ச்சியும் வேண்டும். சென்னை ஐ.ஐ.டி. 2024-25 முதல் ஒவ்வொரு இளநிலைப் படிப்பிலும் விளையாட்டுக்கென்று 2 கூடுதல் இடம் தருகிறது, அதில் ஒன்று பெண்களுக்கு. ஆனால் ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேற வேண்டும், கடந்த 4 ஆண்டுக்குள் தேசிய அளவிலோ சர்வதேச அளவிலோ ஒரு மெடலாவது இருக்க வேண்டும். மாநில அரசு வேலையில் சாதித்த வீரர்களுக்கு 3 சதவீத இட ஒதுக்கீடு உண்டு. ரயில்வே, காவல்துறை போன்ற இடங்களிலும் எடுக்கிறார்கள்.

கதவுகள் இருக்கின்றன. ஆனால் ஐந்தாம் ஆறாம் வகுப்பில் வாங்கும் மெடல் அந்தக் கதவு எதையும் திறக்காது. மேல்நிலை வகுப்பை ஒட்டிய ஆண்டுகளின் சான்றிதழ்தான் கணக்கு. நம் ஊரில் பெரும்பாலான பிள்ளைகள் குளத்தை விட்டுப் போவதும் பத்தாம் வகுப்பில்தான். அதனால் கோட்டாவை நம்பி ஆரம்பிப்பவர்கள் பாதி வழியில் நஷ்டக் கணக்குப் பார்த்து நிறுத்திவிடுகிறார்கள். அப்போது அந்தப் பிள்ளைக்கு, தான் ஒரு தோற்ற முதலீடு என்ற எண்ணம் வந்துவிடுகிறது. அதை என் அறையில் உட்கார்ந்து சொல்லி அழுத பிள்ளைகள் உண்டு. உங்கள் மகள் காதில் இப்போதைக்கு 'கோட்டா' என்ற சொல்லே விழ வேண்டாம்.

சான்றிதழ் பற்றி ஒரு எச்சரிக்கை. 'நேஷனல்' என்று பேர் போட்டு, நுழைவுக் கட்டணம் வாங்கிக்கொண்டு, வந்தவர்களுக்கெல்லாம் மெடல் மாட்டிவிடும் போட்டிகள் நிறைய நடக்கின்றன. இந்திய நீச்சல் கூட்டமைப்பும் அதில் இணைந்த மாநிலச் சங்கமும் நடத்துவது, பள்ளிக்கல்வித் துறை வழியாகப் போகும் போட்டிகள், முதலமைச்சர் கோப்பை போன்றவைதான் பின்னால் பேசும். பணம் கட்டும் முன் யார் நடத்துகிறார்கள் என்று கேளுங்கள்.

செலவும் சாதாரணமில்லை. மாதக் கட்டணம், பெட்ரோல், வெளியூர்ப் போட்டிக்கு உங்கள் லீவும் டிக்கெட்டும், கூடவே வீட்டில் இரட்டிப்பாகும் சாப்பாடு. குற்றாலீஸ்வரன் 1994-ல் பன்னிரண்டு வயதில் ஆங்கிலக் கால்வாயை நீந்தி, அதே ஆண்டில் ஆறு கடற்பகுதிகளைக் கடந்தவர். அர்ஜுனா விருது வாங்கியவர். அவரே தொடர்ந்து பண உதவி கிடைக்காமல் நீச்சலை விட்டுப் படிப்புப் பக்கம் போனார். கடன் வாங்கிச் செய்யாதீர்கள் என்பதற்காக இதைச் சொல்கிறேன். மாதம் இவ்வளவுதான் என்று ஒரு தொகையை இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் குளம் உங்கள் ரேஸ் கோர்ஸ் மைதானத்திலேயே இருக்கிறது. அங்கேயும் போய் விசாரித்துவிட்டு முடிவெடுங்கள்.

கறுத்துப்போவாள் என்ற கவலையைப் பாட்டியிடமே மென்மையாக முடித்துவிடுங்கள், அது மகள் காதுக்குப் போகக் கூடாது. தலைமுடிக்கு வழி இருக்கிறது: குளத்தில் இறங்கும் முன் நல்ல தண்ணீரில் தலையை நனைத்துவிட்டுத் தொப்பி போட்டால் குளோரின் தண்ணீரை முடி அவ்வளவாக இழுக்காது. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. இன்னும் இரண்டு மூன்று வருடத்தில் அவள் பெரிய மனுஷி ஆவாள். உடம்பு மாறும்போது டைமிங் மாதக்கணக்கில் அசையாமல் நிற்கலாம். அந்தச் சமயத்தில் "எடை போட்டுட்டே" என்று ஒரு கோச் சொல்லும் ஒரு வார்த்தையில் சாப்பாட்டை விட்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும். மாதவிடாய் நாட்களில் என்ன செய்வது, கப் பயன்படுத்துவதா, ஓய்வெடுப்பதா என்பதை முன்கூட்டியே அவளோடு பேசிவிடுங்கள். பல பெண்கள் போட்டியை விட்டது திறமை போதாமல் அல்ல, இதைக் கேட்க ஆள் இல்லாமல்தான். அந்தக் குளத்தில் பெண் பயிற்சியாளரோ உதவியாளரோ இருக்கிறார்களா, உடை மாற்றும் அறை எப்படி, பயிற்சியைப் பெற்றோர் உட்கார்ந்து பார்க்க விடுவார்களா என்று நேரில் போய்ப் பாருங்கள். பார்க்க விடாத இடத்தில் எவ்வளவு பெரிய கோச் இருந்தாலும் சேர்க்க வேண்டாம்.

படிப்பு? நான்கு நாள் நீச்சலால் ஆறாம் வகுப்புப் படிப்பு கெடாது. தூக்கம் குறைந்தால்தான் கெடும். நாலே முக்காலுக்கு எழுந்திருக்க வேண்டுமென்றால் எட்டு மணிக்கு விளக்கை அணைக்க வேண்டும், வீடு முழுக்க. டிவியும் சேர்த்துத்தான். ஃபவுண்டேஷன் கோர்ஸையும் இதே வருடம் ஏற்றினால் இரண்டுமே உருப்படாது. பதினோரு வயதில் நீட் பயிற்சி தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. வேண்டுமானால் வீட்டுக்காரரை எனக்குப் போன் செய்யச் சொல்லுங்கள்.

ஆகவே நான் சொல்வது: வாழ்க்கை முழுவதற்குமான முடிவை இப்போது எடுக்காதீர்கள், ஒரு வருடத்துக்கு எடுங்கள். இந்த ஞாயிறு சாயங்காலம் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, "உனக்கு எப்படி இருக்கு, என்ன வேணும்?" என்று கேளுங்கள். போக வேண்டும் என்றால் நான்கு நாள் பேட்சில் சேருங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுங்கள். டைமிங்கை அவளே எழுதட்டும், நீங்கள் ஸ்டாப்வாட்சைத் தொட வேண்டாம். உங்களுக்குத் தனியாக ஒரு நோட்டு. அவள் எழுப்பாமல் எழுந்த நாள், அழுத நாள், தோள் வலி என்ற நாள், தானாகச் சிரித்துக்கொண்டு வந்த நாள், இவற்றை மட்டும் குறித்து வையுங்கள். விருப்பமில்லை என்றால் மூன்று நாள் சாதா நீச்சலோடு இருக்கட்டும், கோச்சிடம் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள்.

அடுத்த ஏப்ரலில் இரண்டு நோட்டையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். அவளையும் கூட்டி வாருங்கள், நான் அவளிடம்தான் பேச வேண்டும்.